லாக்கில் படகு சாய்ந்தால், சிக்கினால், நகராவிட்டால்: நேரோபோட் பிழை நீக்கும் வழிமுறை

இங்கிலாந்தின் கால்வாய்களில் நேரோபோட் ஓட்ட உரிமம் எதுவும் தேவையில்லை. வாடகைக்கு விடுபவர்கள் கொஞ்ச நேரம் சொல்லிக்கொடுத்துவிட்டுச் சாவியைக் கையில் தந்துவிடுவார்கள். நீங்கள் ஓட்டப்போவது 57 அடி நீளம், 6 அடி 10 அங்குல அகலம், 15 டன்னுக்கு மேல் எடை உள்ள எஃகுப் படகு. அது நுழைய வேண்டிய குறுகிய லாக்கின் அகலம் 7 அடி. பக்கத்துக்கு ஓர் அங்குலம்தான் இடைவெளி. கால்வாயில் வேக வரம்பு மணிக்கு 4 மைல் என்பதால் ஓட்டத்தில் பெரிய ஆபத்து இல்லை. ஆபத்து முழுவதும் லாக்கில்தான் இருக்கிறது.

லாக் என்பது இரு முனையிலும் கதவு வைத்த ஆழமான தொட்டி. தண்ணீரை நிரப்பியோ வடித்தோ, கால்வாயின் ஒரு மட்டத்திலிருந்து இன்னொரு மட்டத்துக்குப் படகை ஏற்றி இறக்குவது அதன் வேலை. குறுகிய லாக்குகளில் மேல் முனைக்குப் பெரும்பாலும் ஒற்றைக் கதவு, கீழ் முனைக்கு நடுவில் சேரும் இரட்டைக் கதவு. கதவைத் தள்ளுவதற்கு நீண்ட மரக்கை இருக்கும். தண்ணீரை விடும் மதகுகளுக்கு அங்கே பேடில் என்று பெயர். சுவருக்குள் போகும் குழாய்வழியாகத் தண்ணீர் விடுவது தரை மதகு. கதவிலேயே பொருத்தியிருப்பது கதவு மதகு. இவற்றைத் திருகி ஏற்றும் எல் வடிவக் கைப்பிடிக்கு விண்ட்லாஸ் என்று பெயர். மேல் கதவின் அடியில், தொட்டிக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் திட்டு ஒன்று உண்டு. அதுதான் சில். தொட்டி நிறைந்திருக்கும்போது அது கண்ணில் படாது.

தொட்டிக்குள் படகு சாய்ந்தாலோ சிக்கினாலோ முதல் வேலை ஒன்றே: திறந்திருக்கும் மதகை மூடுங்கள். படகை விடுவிப்பதெல்லாம் அதற்குப் பிறகு. குறுகிய லாக் ஒன்றில் ஒரு லட்சம் லிட்டருக்கு மேல் தண்ணீர் போய்வருகிறது. இரண்டரை மீட்டர் ஆழம் ஐந்து நிமிடத்தில் வடிந்தால் நிமிடத்துக்கு அரை மீட்டர். "என்ன ஆச்சு?" என்று எட்டிப்பார்த்து யோசிக்கும் நேரத்தில் படகின் ஒரு முனை முழங்கால் ஆழம் இறங்கியிருக்கும். டீசல் என்ஜின் சத்தத்தில் கத்துவது கேட்காது என்பதால், சுக்கான் பிடித்திருப்பவருக்கும் மதகில் நிற்பவருக்கும் இடையே கைச்சைகை ஒன்றைப் புறப்படும் முன்பே பேசிவைத்துக்கொள்ளுங்கள். தலைக்கு மேல் இரு கைகளைக் குறுக்காக உயர்த்தினால் "மூடு" என்று வைத்துக்கொள்ளலாம். மதகைத் திறந்துவிட்டு செல்போனைப் பார்ப்பவரை மதகுப் பக்கம் நிறுத்தவே வேண்டாம்.

இறங்கும்போது முகப்பு தாழ்கிறது, பின்பகுதி தாழவில்லை

படகின் பின்பகுதி சில் மேல் உட்கார்ந்துவிட்டது. லாக் விபத்துகளில் மிக மோசமானது இது. முதலில் தெரிவது உள்ளே சமையலறையில்தான்: பாத்திரம், கோப்பை எல்லாம் முகப்புப் பக்கம் நகரும். அடுத்து சுக்கான் பிடி தானாக அசையும், அடியில் உராயும் சத்தம் வரும்.

காரணம் எளிது. திட்டு சில லாக்குகளில் ஒன்றரை மீட்டர் வரை தொட்டிக்குள் நீண்டிருக்கும். தண்ணீர் வடிய வடிய அது மேலே வரும். படகு பின்னால் நகர்ந்திருந்தால் சுக்கானும் புரொப்பெல்லரும் அதன்மேல் தங்கிவிடும். முகப்பு மட்டும் தண்ணீரோடு இறங்கும். முன்தளத்தில் மழைநீர் வடிய வைத்திருக்கும் துளைகள் வழியாகவும், திறந்திருக்கும் முன்கதவு வழியாகவும் தண்ணீர் உள்ளே ஏறும்.

1. கீழ் மதகுகளை உடனே, முழுவதும் மூடுங்கள். இருபக்கமும் ஆள் இருந்தால் ஒரே நேரத்தில்.
2. உள்ளே இருப்பவர்களை வெளியே வரச் சொல்லுங்கள். சுவர் ஏணி எட்டினால் பின்பக்கமாகக் கரையேறட்டும்.
3. கீழ் மதகு மூடியதை உறுதிசெய்த பிறகு, மேல் தரை மதகைக் கால் பங்கு மட்டும் திறந்து தொட்டியை மெல்ல நிரப்புங்கள். கதவு மதகைத் தொட வேண்டாம். அந்தத் தண்ணீர் நேராகப் படகின் பின்தளத்தில் விழும்.
4. படகு மட்டமாக மிதந்ததும் மேல் மதகை மூடி, படகை முன்னுக்கு நகர்த்துங்கள்.
5. மறுபடி இறங்கும் முன் சுக்கான் திரும்புகிறதா, என்ஜின் அறையில் தண்ணீர் சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். சுக்கானைத் தாங்கும் கீழ்க்கிண்ணத்திலிருந்து அது விலகியிருக்கலாம்.

படிகளின் வரிசையை மாற்றாதீர்கள். கீழ் மதகு திறந்திருக்க மேல் மதகையும் திறந்தால் தண்ணீர் ஒரு பக்கம் வந்து மறுபக்கம் போய்க்கொண்டிருக்கும், படகுக்குப் பயனில்லை. என்ஜினை முடுக்கி முன்னே இழுத்துவிடலாம் என்றும் தோன்றும். பாதி எடை திட்டின்மேல் இருக்கும்போது அது நடக்காது. நடந்தாலும் பின்பகுதி தொப்பென்று விழும்.

தடுப்பது: திட்டு முடியும் இடத்துக்கு நேரே கரையில் வெள்ளைக் கோடு போட்டிருக்கும். படகின் பின்முனை, அதாவது சுக்கானும் பின்பக்க மெத்தையும் (மோதலைத் தாங்கப் படகின் வெளிப்புறத்தில் தொங்கவிடும் ஃபெண்டர்) சேர்த்து, அந்தக் கோட்டுக்கு முன்னால் இருக்க வேண்டும். தொட்டி காலியாகும்வரை படகு அசையாமல் நிற்காது. என்ஜினை ஓட்டத்தில் வைத்துக்கொண்டு, கோட்டையும் பின்முனையையும் பார்த்தபடியே இருங்கள். 70 அடிப் படகென்றால் முன்னும் பின்னும் கிடைக்கும் இடம் ஓரிரு அடிதான்.

ஏறும்போது முகப்பு எழவில்லை

முகப்பு மெத்தையோ முனையோ மேல் கதவின் குறுக்குக் கட்டைக்கு அடியில் சிக்கியிருக்கிறது. தண்ணீர் மேலே தூக்க, கதவு கீழே அழுத்தும்.

மேல் மதகுகளை மூடுங்கள். பிறகு கீழ் மதகைக் கொஞ்சம் திறந்து மட்டத்தை இறக்கினால் முகப்பு தானாக விடுபடும். கொக்கிக் கம்பால் நெம்பிப் பார்க்காதீர்கள். விடுபடும் வேகத்தில் முகப்பு துள்ளும், கம்பும் கையும் நடுவில் இருக்கும்.

இதே கோளாறு பின்பக்கமும் வரும். படகைப் பின்னுக்கு வைத்திருப்பவர்கள் கீழ் கதவின் கட்டைக்கு அடியில் சுக்கானையோ பின் மெத்தையையோ மாட்டிக்கொள்வார்கள். பின்பகுதி எழாவிட்டால் என்ஜின் அறையின் காற்றுத் துளைகள் வழியாகத் தண்ணீர் புகும். பல படகுகளில் அவை நீர்மட்டத்துக்கு ஒரு சாண் மேலேதான் இருக்கும். தீர்வு அதேதான்: மேல் மதகை மூடு, கீழ் மதகைத் திற.

முகப்பு மெத்தையைத் தொங்கவிடும் சங்கிலியில் வலுக்குறைந்த இணைப்பு ஒன்று இருக்க வேண்டும். சிக்கினால் படகு மூழ்குவதற்குள் அது அறுந்து மெத்தை தனியே போய்விடும். அந்த இடத்தில் தடித்த கொண்டி மாட்டியிருந்தால் எடுத்துவிட்டு மெல்லிய கயிறோ கேபிள் டையோ கட்டுங்கள்.

படகு ஒரு பக்கமாகச் சாய்கிறது

காரணம் இந்த மூன்றில் ஒன்றாக இருக்கும்.

கயிறு: இறங்கும்போது படகைக் கரைமுளையில் முடிச்சிட்டுக் கட்டிவிட்டார்கள். தண்ணீர் இறங்கும், கயிறு நீளாது. மதகை மூடி, தொட்டியை நிரப்பி, கயிறு தொய்ந்த பிறகு அவிழுங்கள். இழுவையில் இருக்கும் கயிற்றை வெட்டுவது கடைசி வழி. டன் கணக்கான எடையில் விறைத்த கயிறு சுண்டி அடித்தால் முகம் போய்விடும். லாக்கில் கயிற்றை முளையைச் சுற்றி ஒரு சுற்றுதான் விட வேண்டும். மறுமுனை கையில் இருக்க வேண்டும்.

பக்க மெத்தை: குறுகிய லாக்கில் ஓர் அங்குல இடைவெளியில் ரப்பர் மெத்தையைத் தொங்கவிட்டால் ஆப்பு அடித்த மாதிரி. நுழையும் முன் எல்லாவற்றையும் மேலே தூக்கிப் போடுங்கள்.

சுவர்: பழைய லாக்குகளில் சுவர் உள்நோக்கிப் புடைத்திருக்கும், பழைய படகுகளில் வயிறு அகன்றிருக்கும். இரண்டும் சந்திக்கும் லாக்குகள் உண்டு. லாங்கோலன் கால்வாயின் நுழைவிலுள்ள ஹர்ல்ஸ்டன் லாக்குகள் இதற்காகவே பல ஆண்டுகள் பேர்போனவையாக இருந்தன. இறங்கும்போது சிக்கினால் மதகை மூடி மீண்டும் நிரப்புங்கள். நுழையும்போதே இறுகினால் உடனே பின்னால் எடுங்கள். வேகத்தைக் கூட்டி உள்ளே திணித்தால் வெளியே எடுக்க ஆள் வர வேண்டியிருக்கும்.

ஆள் தண்ணீரில் விழுந்துவிட்டார்

கியரை உடனே நியூட்ரலுக்குக் கொண்டுவாருங்கள். ரிவர்ஸ் வேண்டாம், பின்பக்கம் விழுந்தவரைப் புரொப்பெல்லர் இழுத்துக்கொள்ளும். எல்லா மதகையும் மூடுங்கள். கயிறோ மிதவை வளையமோ வீசி, சுவரில் பதித்திருக்கும் ஏணிப் பக்கம் இழுங்கள். பின்னாலேயே குதித்தால் காப்பாற்ற வேண்டியவர்கள் இருவராகிவிடுவார்கள். படகுக்கும் சுவருக்கும் நடுவில் யாரும் கையையோ காலையோ விடக்கூடாது. 15 டன்னைக் காலால் உதைத்துத் தடுக்க முடியாது.

ஏறும்போது படகு முன்னும் பின்னும் மோதுகிறது

மதகை அவசரமாகத் திறந்திருக்கிறார்கள். பாதிக்குக் குறைத்துவிட்டுப் படகு அடங்கும்வரை பொறுங்கள். முதலில் தரை மதகு மட்டும், அதுவும் பாதி. சில் திட்டு தண்ணீரில் முழுக மறைந்த பிறகே கதவு மதகு. அதற்கு முன் திறந்தால் மேலிருந்து பாயும் தண்ணீர் முன்தளத்தை நிரப்பிவிடும்.

ஹாட்டனில் உள்ள 21 லாக்குகளைப் போல 14 அடி அகல லாக்கில் ஒற்றை நேரோபோட்டோடு போனால் படகு குறுக்கே அலையும். அங்கே படகு எந்தச் சுவரோரம் நிற்கிறதோ அந்தப் பக்கத்துத் தரை மதகை முதலில் திறக்க வேண்டும். தண்ணீர் படகுக்கு அடியில் போய் எதிர்ச்சுவரில் மோதித் திரும்பி, படகை அதே சுவரோடு அணைத்து நிறுத்தும். எதிர்ப்பக்க மதகைத் திறந்தால் படகு அந்தப் பக்கம் போய் இடிக்கும். இன்னொரு நேரோபோட் வரும்வரை காத்திருந்து இரண்டும் ஒட்டி நின்று போவது இதைவிட நல்லது, தண்ணீரும் மிச்சம்.

கதவு திறக்கவில்லை

பத்தில் ஒன்பது முறை இருபுறமும் மட்டம் சமமாகவில்லை. கண்ணுக்குச் சமமாகத் தெரிந்தாலும் 5 செ.மீ. வித்தியாசமே போதும். குறுகிய லாக்கின் மேல் கதவில், ஒன்றரை மீட்டர் ஆழத் தண்ணீருக்கு, அது ஏறத்தாழ 160 கிலோ அழுத்தம். மரக்கையில் முதுகைச் சாய்த்து நெருக்கிக்கொண்டே இருங்கள். சமமானதும் கதவு தானாக விட்டுக்கொடுக்கும். உதைப்பதாலும் குலுக்குவதாலும் முதுகுதான் பிடித்துக்கொள்ளும்.

நீண்ட நேரமாகியும் சமமாகவில்லையா? மறுமுனைக்கு நடந்து போய்ப் பாருங்கள். அங்கே ஒரு மதகு கால் பங்கு திறந்து கிடக்கும். முன்னால் போனவர்கள் விட்டது, அல்லது தானாக முழுதும் இறங்காதது. அதுவும் இல்லையென்றால் மறுமுனைக் கதவு ஒழுகுகிறது: வருவதும் போவதும் ஒரே அளவாகி, கடைசி இரண்டு மூன்று அங்குலம் நகராது. உங்கள் பக்கத்து மதகுகள் எல்லாவற்றையும் முழுதாகத் திறந்து, இருவர் மூவராகச் சேர்ந்து அழுத்துங்கள். படகால் இடித்துத் திறக்காதீர்கள்.

கதவு முழுதாக மூடவில்லை, அல்லது இரட்டைக் கதவு நடுவில் சேரவில்லை

கதவுக்குப் பின்னால் மரக்கட்டை, குப்பை, குளிர்காலத்தில் பனிக்கட்டி. கதவைத் திறந்து, கொக்கிக் கம்பால் அடியில் துழாவி அகற்றுங்கள். கதவைச் சற்றே முன்னும் பின்னும் ஆட்டினால் சிறு குப்பை தானாக விலகும். இரட்டைக் கதவுகள் சேராமல் ஒன்றின்மேல் ஒன்று ஏறினால் இரண்டையும் பாதி திறந்து, ஒரே வேகத்தில் மூடுங்கள்.

மூடிய கதவு மறுபடி மறுபடி தானே திறந்துகொண்டால் எதிர்முனை மதகைக் கொஞ்சம் திறந்தால் போதும். நீரோட்டமே கதவைச் சாத்திவிடும்.

விண்ட்லாஸ் சுற்றவில்லை, வழுக்குகிறது, அல்லது பறக்கிறது

அசையவே இல்லையென்றால் முதலில் பூட்டு இருக்கிறதா என்று பாருங்கள். ராச்டேல், லீட்ஸ் அண்டு லிவர்பூல் போன்ற கால்வாய்களில் நகரப் பகுதி லாக்குகளுக்கு விஷமிகளைத் தடுக்கும் பூட்டு போட்டிருப்பார்கள். ஹேண்ட்கஃப் கீ என்று கேட்டால் படகுத்துறைக் கடைகளில் கிடைக்கும். கால்டர் அண்டு ஹெபிள் கால்வாயில் சில மதகுகளுக்கு விண்ட்லாஸே பொருந்தாது. அங்கே ஹேண்ட்ஸ்பைக் எனும் கனத்த மரத்தடியைச் செருகி நெம்ப வேண்டும்.

வழுக்கினால் துளை அளவு தவறு. இரண்டு அளவுத் துளை உள்ள விண்ட்லாஸ் வாங்கிவைப்பது நல்லது. எதிர்ப்பே இல்லாமல் சும்மா சுற்றினால் உள்ளே தண்டு கழன்றிருக்கிறது. அந்த மதகை விட்டுவிட்டு மற்றொன்றைப் பயன்படுத்துங்கள், மெதுவாகத்தான் நிரம்பும்.

கை நழுவி விண்ட்லாஸ் வேகமாகச் சுழல ஆரம்பித்தால் பிடிக்க முயலாமல் விலகுங்கள். முன்கையும் பல்லும் உடைவது இதில்தான். மதகை ஏற்றும்போது பற்சக்கரத்தில் ராட்செட் கொக்கி விழுந்திருக்க வேண்டும். ஏற்றி முடித்ததும் விண்ட்லாஸைக் கழற்றிக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். தண்டிலேயே விட்டால், கொக்கி நழுவும் நொடியில் அது கழன்று பறக்கும். இறக்கும்போது கொக்கியை எடுத்துவிட்டுத் தடாலென்று விழவிடாமல் திருகியே இறக்குங்கள்.

படிக்கட்டு லாக்கில் கீழ்த்தொட்டி வழிகிறது, அல்லது மேல்தொட்டியில் தண்ணீர் போதவில்லை

பிங்லியில் 1774இல் திறந்த ஐந்து அடுக்கு லாக்கைப் போன்றவற்றில் இடைக் கால்வாயே கிடையாது. ஒரு தொட்டியின் மேல் கதவுதான் அடுத்ததன் கீழ் கதவு. ஏறுவதென்றால் அடித்தொட்டி காலி, மற்றதெல்லாம் நிறைந்திருக்க வேண்டும். இறங்குவதென்றால் மேல்தொட்டி மட்டும் நிறைந்து, மற்றதெல்லாம் காலி. இது மாறினால் நிறைந்த தொட்டிக்குள் இன்னொரு தொட்டித் தண்ணீரை விடுவீர்கள். அது கரைமேல் வழிந்தோடும். மதகை மூடி, அடியிலிருந்து ஒவ்வொன்றாகச் சரிசெய்துகொண்டு வாருங்கள்.

ஃபாக்ஸ்டனில் ஐந்தைந்தாக இரண்டு அடுக்கு. பக்கவாட்டுக் குளங்கள் இருப்பதால் மதகுக்கு இரு நிறம்: சிவப்பு முதலில், வெள்ளை பிறகு. பெரிய அடுக்குகளில் லாக் கீப்பர்கள் இருப்பார்கள். அவர்களைக் கேட்காமல் மதகைத் தொடவே கூடாது.

அடுத்த லாக்கு வரைக்கும் தண்ணீர் இல்லை, சேறுதான் தெரிகிறது

இரவில் யாரோ மதகை விட்டுவிட்டார்கள், அல்லது கதவு ஒழுகுகிறது. டார்டபிக்கில் உள்ள 30 லாக்குகள் போல நெருக்கமாக வரும் இடங்களில் இடைக் கால்வாய் குட்டையாக இருக்கும். ஒரு கசிவே போதும். முதலில் கீழ் லாக்கின் மதகுகள் எல்லாம் மூடியிருக்கின்றனவா என்று நடந்து போய்ப் பாருங்கள். ஓட்டை அடைக்காமல் தண்ணீர் விடுவது வீண். பிறகு மேல் லாக் வழியாக, அதன் இரு முனை மதகையும் பாதி திறந்து, தண்ணீரைக் கீழே விடலாம். மேலே இருக்கும் கால்வாயும் குட்டையென்றால் கை வைக்காதீர்கள். அங்கே கட்டியிருக்கும் படகுகள் சேற்றில் உட்காரும். கால்வாய்களைப் பராமரிக்கும் கேனல் அண்டு ரிவர் டிரஸ்டுக்குச் சொல்லிவிட்டுக் காத்திருங்கள்.

லாக்கை நெருங்கும்போது முகப்பு பக்கவாட்டில் இழுக்கப்படுகிறது

கலிங்கு வழியாக வரும் உபரி நீர். லாங்கோலன் கால்வாயில் இது பலமாக இருக்கும். ஹார்ஸ்ஷூ அருவியில் டீ ஆற்றிலிருந்து எடுக்கும் குடிநீர் ஹர்ல்ஸ்டன் நீர்த்தேக்கத்துக்கு அந்தக் கால்வாய் வழியாகத்தான் ஓடுகிறது. கலிங்கு இருக்கும் பக்கமாக முகப்பைக் குறிவைத்து, சற்று வேகத்தோடு நுழையுங்கள். மெதுவாகப் போனால் சுக்கான் கேட்காது.

என்ஜின் முக்குகிறது, கரும்புகை, படகு நகரவில்லை

புரொப்பெல்லரில் பாசி, பிளாஸ்டிக் பை, கயிறு, சில சமயம் முள்கம்பி. ஒரு முறை ரிவர்ஸில் முடுக்கிப் பாருங்கள். இலை தழை என்றால் போய்விடும். இல்லையென்றால்:

1. லாக்குக்கு வெளியே கரையில் கட்டுங்கள். என்ஜினை நிறுத்தி, சாவியைச் சட்டைப்பையில் போடுங்கள்.
2. பின்தளத்தில், புரொப்பெல்லரைக் கையால் எட்டுவதற்காக வைத்திருக்கும் வீட் ஹேட்ச் எனும் திறப்பின் மூடியைத் திறந்து, கையுறை போட்டுப் பல்வைத்த கத்தியால் அறுத்தெடுங்கள். கம்பிக்கு போல்ட் கட்டர்.
3. மூடியை ரப்பர் பட்டையில் சரியாக உட்கார வைத்துத் திருகை இறுக்குங்கள்.
4. கியர் போட்டு மெதுவாக ஓட்டி, மூடியைச் சுற்றித் தண்ணீர் வருகிறதா என்று பாருங்கள்.

மூன்றாவது படியில் அசட்டை காட்டினால் புரொப்பெல்லரே தண்ணீரை உள்ளே இறைக்கும். அந்த வேகத்துக்கு உள்ளிருக்கும் சிறு பம்பு ஈடுகொடுக்காது. படகு பின்பக்கமாக மூழ்கும். வேலை முடிந்ததும் கையை சோப்புப் போட்டுக் கழுவுங்கள். எலி மூத்திரத்தால் பரவும் லெப்டோஸ்பைரோசிஸ் கால்வாய்த் தண்ணீரில் உண்டு.

தரைதட்டியது

கால்வாய் நடுவில்தான் ஆழம். கரையோரம் தேனீர்த்தட்டு மாதிரி மேடாகும். முன்னுக்கு முடுக்கினால் இன்னும் ஏறி உட்காரும். வந்த வழியே ரிவர்ஸ் எடுங்கள். ஆட்களை ஆழப் பக்கத்துக்கு நகர்த்தி, படகை லேசாக ஆட்டி, நீண்ட கம்பை அடித்தரையில் ஊன்றித் தள்ளுங்கள். நேரோபோட் ரிவர்ஸில் திரும்பாது என்பதால், விடுபட்டதும் சுக்கானை நேராக வைத்து, நடுக்கால்வாய் வந்தபிறகே முன்கியர் போடுங்கள்.

உடைந்த மதகு, ஒழுகும் கதவு, வற்றிய கால்வாய் எதுவானாலும் டிரஸ்டுக்குச் சொல்லும்போது கால்வாயின் பெயர், லாக்கின் எண், மேல் முனையா கீழ் முனையா, படகு உள்ளே இருக்கிறதா என்ற நான்கையும் சொல்லுங்கள். லாக்கின் எண் பெரும்பாலும் கதவின் மரக்கையிலோ அருகில் உள்ள பலகையிலோ இருக்கும். இல்லாவிட்டால் கடைசியாகக் கடந்த பாலத்தின் எண் போதும்.